பெயருக்கு முன்னால் ஒரு சொல்

8 ஒக்டோபர் 2018, திங்கள்

இன்று செத்துப்போனவர் ஒருவர் கடைக்கு வந்தார்.

சென்னையிலிருந்து வந்த பெட்டிகளைப் பிரித்து, மாத நாவல்களை ஒரு பக்கமும் சமையல் புத்தகங்களை மறுபக்கமும் அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே வந்த மனிதர் கைப்பையிலிருந்து ஒரு நினைவுமலரை எடுத்து மேசையில் விரித்து, ஒரு வரியில் விரலை வைத்தார். போன மாதம் நான் செய்து கொடுத்த மலர். வெறும் புத்தகம் விற்றுப் பாரிஸ் லாச்சப்பலில் கடை நடத்த முடியாது. செத்தவீட்டு முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் மலர்களை அச்சிட்டுத்தான் சித்தப்பா இந்தக் கடையைக் காப்பாற்றினார், நானும் அப்படியே.

"உதில காலஞ்சென்ற குலேந்திரன் எண்டு இருக்குப் பாத்தீங்களோ?"

"ஓம்."

"அது நான்தான்."

அவருடைய பெரியம்மாவின் மலர் அது. பெறாமக்கள் என்று தங்கையின் பிள்ளைகளைப் போடும் வரிசையில், மேல் வரியில் இருந்த 'காலஞ்சென்ற' என்ற சொல் எப்படியோ இவர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டேன். மனிதர் கோபிக்கவே இல்லை.

"மண்டபத்தில எல்லாரும் என்ர கையைத் தொட்டுத் தொட்டுப் பாத்தினம். வேலையிடத்தில காட்டி ரெண்டு நாள் லீவு எடுப்பமோ எண்டும் யோசிச்சனான்."

ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலையாம், திங்கள் லீவாம். அட்டையில் குடை பிடித்த சோடி நிற்கிற காதல் நாவல்கள் இரண்டை எடுத்துக்கொண்டார். கேட்காமலே "தங்கச்சிக்கு" என்றார்.

ஹீட்டருக்குப் பக்கத்துக் கதிரையிலிருந்து மாமி கண்ணாடிக்கு மேலால் பார்த்தபடி இருந்தா. மாமி என் கணவரின் அம்மா. வீட்டில் தனியே இருக்கப் பிடிக்காமல் நாள் முழுக்க என்னோடு கடையில் இருப்பா.

"ஆர் பிள்ளை உது?"

"நான் சாகடிச்ச ஆள் மாமி."

மாமி சிரித்தா. அவ சிரித்துக் கன காலம்.

15 ஒக்டோபர், திங்கள்

குலேந்திரன் வந்தார். தங்கைக்கென்று வாங்கிய நாவல்களின் முடிவு சரியில்லை என்று என்னோடு அரை மணி நேரம் வாதம். தங்கை இருப்பது லியோனில், புத்தகம் வாசிக்கப்பட்டது பாரிஸில். நான் ஒன்றும் கேட்கவில்லை. பாவம், காது சிவந்துவிட்டது.

மலர்களை அச்சுக்குக் கொடுக்க முன் தான் ஒருதரம் வாசித்துப் பார்க்கிறாராம். "இனி நீங்கள் ஆரையும் கொல்லாமப் பாக்கலாம்" என்கிறார். வாய்க்கொழுப்புத்தான். ஆனால் மறுபடி பிழை விட்டால் கடைக்குப் பெயர் கெட்டுவிடும் என்பதால் சம்மதித்தேன்.

29 ஒக்டோபர், திங்கள்

மழை. ஆள் வரவில்லை. பெட்டிகளை நானே தூக்கினேன், இடுப்பு பிடித்துவிட்டது. வியாபாரமும் சரியில்லை.

5 நவம்பர், திங்கள்

போன கிழமை தடிமன், மூக்கடைப்பாம். இன்று வந்தார். வியாபாரம் நல்லது.

13 நவம்பர், செவ்வாய்

ஒரு தகப்பனும் மகளும் வந்தார்கள். வீட்டில் தாய் தவறிவிட்டா. மலரில் வரவேண்டிய உறவுகளின் பெயர்களை மகள் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். மூத்த மகனின் பெயர் வந்தபோது அந்தப் பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். 2009இல், ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். தகப்பன் தலை குனிந்துகொண்டு, "காலஞ்சென்ற எண்டே போடுங்கோ" என்றார்.

மாமி எழும்பிப் பின் அறைக்குப் போய்விட்டா. அவர்கள் போனபிறகுதான் வந்தா.

"பெத்தவள் கண்ணை மூடினவுடன பொடியனையும் அனுப்பிப்போட்டினம்."

நான் தட்டியதைச் சரிபார்க்கத் திரும்பினேன். என்னையும் மாமியையும் முதலில் இங்கே அனுப்பிவிட்டு, தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் சோதனை முடிய வருகிறேன் என்று நின்றவர் என் கணவர் ஞானரூபன். பிறகு சண்டை வந்து பாதை மூடிவிட்டது. கடைசி நாட்களில் சனத்தோடு சனமாக நடந்து வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. மாமனாருக்கு மலர் செய்தபோதும், சித்தப்பாவுக்குச் செய்தபோதும் அவர் பெயரை வெறும் பெயராகத்தான் போட்டோம். மாமிக்கு முன்னால் வேறு எப்படிப் போடுவது? அவ அந்த நம்பிக்கையில்தான் சாப்பிடுகிறா, மருந்துக் குளிசை போடுகிறா.

3 டிசம்பர், திங்கள்

மாமிக்கு இப்போது திங்கட்கிழமைகளில் முழங்கால் வலி. கடைக்கு வராமல் வீட்டில் இருக்கிறா. டொக்டரிடம் காட்டுவோம் என்றால், குளிருக்குத்தான், தானாக மாறும் என்கிறா. செவ்வாய்க்கிழமை மாறியும் விடுகிறது.

போன கிழமை குலேந்திரன் வேலை முடிந்து வழியில் எட்டிப் பார்த்தபோது அவரைப் பிடித்துவைத்து மாமியின் விசாரணை. மச்சம் மாமிசம் சாப்பிடுவாரோ, பிரஷர், சீனி வியாதி இருக்கோ, ஏன் கலியாணம் கட்டவில்லை. மூன்று தங்கச்சிகளையும் கரைசேர்த்து நிமிர்ந்து பார்க்கத் தலை நரைத்துவிட்டது என்றார் அவர். மாமி அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டே இருந்தா. வயது போனால் ஊர்ப்புதினம், ஊர்க்கதை கேட்கத்தான் தோன்றும்போல.

24 டிசம்பர், திங்கள்

தெரு முழுக்க வெளிச்சம். எங்கள் கடையில் ஒரே ஒரு வாடிக்கையாளர், அவரும் காசு கொடுக்காமல் புத்தகம் வாசிக்கிறவர்.

குலேந்திரன் ஒரு நாவலை முடித்துவிட்டுச் சொன்னார்: "இதில வாற பெட்டை வெளிநாட்டில புத்தகக் கடை நடத்துறா. நாள் முழுக்கக் கோப்பி குடிக்கிறா, பூ வைக்கிறா, வாறவனையெல்லாம் பாத்துச் சிரிக்கிறா. ஒரு நாளாவது பெட்டி தூக்கேல்லை."

"வாற ஆம்பிளையள் தூக்கியிருப்பினம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கியது. உடனே போய்க் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தேன்.

14 ஜனவரி 2019, திங்கள்

இதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன்.

பொங்கலுக்கு முதல் நாள் என்பதால் கடையில் சனம். சனம் குறைந்ததும் குலேந்திரன் குளிரங்கியைப் போட்டுக்கொண்டு, கதவுப் பிடியில் கை வைத்தபடியே கேட்டார். உட்கார்ந்து கேட்டால் என்ன குறைந்துவிடும்?

"வசந்தகாலத்தில நகரசபையில கலியாணத்தை எழுதுவமோ? எனக்கு ஆடம்பரம் ஒண்டும் வேண்டாம்."

"அவர் இருக்கிறாரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியாது."

"அதைத் தெரிஞ்சுகொண்டு வாங்கோ எண்டு நான் சொல்லேல்லை. நான் இருக்கிறன் எண்டு சொல்லுறன், அவ்வளவுதான்."

போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. நாற்பத்தெட்டு வயதில் யாராவது கேட்பார்கள் என்று நான் நினைத்திருக்கவில்லை. எனக்கு விருப்பம். இங்கே மட்டும் எழுதுகிறேன், எனக்கு விருப்பம்.

22 ஜனவரி, செவ்வாய்

சும்மா ஒரு வழக்கறிஞரைக் கேட்டுப் பார்த்தேன். மறுமணம் என்றால், ஊரில் கணவரின் மரணத்தைப் பதிந்து பத்திரம் எடுக்க வேண்டுமாம். அதற்கு, கணவர் இறந்துவிட்டார் என நம்புகிறேன் என்று மனைவி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்தேன். மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தா. "ஏன் பிள்ளை முகம் வாடிக் கிடக்கு?" என்றா. தலையிடி என்றேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி அதை எழுதுவேன்? மாமி இருக்கும்வரை முடியாது. குலேந்திரனிடம் அப்படியே சொல்லிவிட வேண்டும்.

28 ஜனவரி, திங்கள்

சொன்னேன். "சரி" என்றார். அச்சுக்குப் போகும் மலர் ஒன்றை எடுத்துப் பிழை பார்க்கத் தொடங்கினார். எனக்கு அவரோடு கோபம் வந்தது. கொஞ்சம் சண்டை பிடித்திருக்கலாம்.

6 பெப்ரவரி, புதன்

மாமிக்குச் சளி நெஞ்சில் இறங்கி, ஆஸ்பத்திரியில். மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள். நான் போனதும் கண்ணைத் திறந்தா.

"கடையைப் பூட்டிப்போட்டே வந்தனி?"

"ஓம் மாமி."

"மற்ற நாளெண்டாப் பறவாயில்லை. திங்கக்கிழமையில பூட்டாதை."

இன்று புதன்கிழமை என்றேன். காய்ச்சலில் கிழமை குழம்பியிருக்கிறது.

9 பெப்ரவரி, சனி

விடியப்புறம் மாமி போய்விட்டா. கை என் கைக்குள்தான் இருந்தது.

16 பெப்ரவரி, சனி

தகனம் முடிந்தது. லண்டனிலிருந்து மச்சாள் வசந்தமலர் குடும்பத்தோடு வந்து எல்லாம் செய்தா. ஞானரூபனின் ஒரே தங்கை அவ. மரண அறிவித்தலை அவவே எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தா. அண்ணனின் பெயர் வழக்கம்போலவே வெறும் பெயராக. நான் எதிர்பார்த்ததுதான்.

ஐயர், "அம்மாவுக்கு ஆண்பிள்ளை இருக்கிறாரோ?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். மச்சாள் என்னைப் பார்த்தா, நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாளின் கணவர் வந்து கொள்ளிச்சட்டியை வாங்கிக்கொண்டார்.

குலேந்திரன் கடைசி வரிசையில் நின்றார். கிட்ட வரவில்லை. போகும்போது மாமியின் கால் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

27 பெப்ரவரி, புதன்

போன சனிக்கிழமை மாமியின் மலரைத் தட்டத் தொடங்கினேன். பிறரின் தாய்மாருக்கு எத்தனை மலர் செய்திருப்பேன், ஒரு நாளில் முடித்துவிடுவேன். இதற்கு நாலு நாளாகியும் வாழ்க்கை வரலாறு அரைப் பக்கம் தாண்டவில்லை. தையல் தெரியும், நல்ல குரல், யாரோடும் கோபிக்க மாட்டா. இதில் ஒன்றுகூட மாமி இல்லை. மாமி என்றால் என் முகத்தைப் பார்த்தே தலையிடியோ மனத்திடியோ என்று கண்டுபிடிக்கிறவ.

4 மார்ச், திங்கள்

தட்டி முடித்துக் குலேந்திரனிடம் கொடுத்தேன். கதிரையில் இருந்து மெல்ல வாசித்தார். ஒரு இடத்தில் கொஞ்சம் நின்றார். பிறகு "அனுப்பலாம்" என்றார்.

9 மார்ச், சனி

மலர்கள் வந்துவிட்டன. அட்டையில் மாமி பச்சைச் சேலையோடு சிரிக்கிறா. பெட்டியைப் பிரித்து முதல் பிரதியை எடுத்து உறவுகள் பக்கத்தைப் பார்த்தேன்.

'காலஞ்சென்ற சின்னத்தம்பியின் அன்பு மனைவியும், காலஞ்சென்ற ஞானரூபன், வசந்தமலர் ஆகியோரின் பாசமிகு தாயாரும்…'

நான் அப்படித் தட்டவில்லை. சத்தியமாகத் தட்டவில்லை. மாமனாரின் பெயரைத் தட்டிய கை அதே சொல்லை மறுபடி தட்டியிருக்க வேண்டும். பழைய மலரின் பக்கத்தை எடுத்து அதன்மேல் வேலை செய்வதால் வருகிற வினை. நாளை மச்சாள் வருகிறா, திங்கட்கிழமை முப்பத்தோராம் நாள். தாயின் மலரில், அதுவும் மண்டபம் நிறைந்த சனத்துக்கு, அவவின் அண்ணனைச் சாகடித்துக் கொடுத்திருக்கிறேன். அதுவும் இன்னொருவர் என்னைக் கேட்டிருக்கிற நேரத்தில். சனம் என்ன சொல்லும்? சனத்தை விடுவோம், மச்சாள் என்ன நினைப்பா?

குலேந்திரனுக்கு ஃபோன் அடித்தேன். வேலை உடுப்போடே ஓடி வந்தார்.

"நான் கண்டனான்" என்றார்.

"கண்டும் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் யோசிச்சுத்தான் போட்டிருக்கிறியள் எண்டு நினைச்சன். நீங்கள் போட்ட அந்தச் சொல்லை எடுங்கோ எண்டு சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு? விடுங்கோ எண்டு சொல்லவும் உரிமையில்லை."

அவரைத் திட்டினேன். கண்டபடி திட்டினேன். கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "வரியைத் திருத்தி அச்சடிச்சு மேல ஒட்டுவம், செய்ய ஏலும்" என்றார்.

10 மார்ச், ஞாயிறு

காலையிலிருந்து ஒட்டினோம். அந்த வரியை, அந்தச் சொல் இல்லாமல், மெல்லிய துண்டுகளாக அச்சடித்து வெட்டிக் கொடுத்தேன். குலேந்திரன் பசை பூசி, வரியின் மேல் வைத்து, விரலால் ஒருதரம் இழுத்தார். கோணாமல், சுருங்காமல். என்னைக் கட்டக் கேட்ட மனிதர், என் புருஷன் உயிரோடு இருக்கிறார் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு பெருமூச்சுக்கூட விடவில்லை. எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை, துண்டு வெட்டுகிற சாட்டில் மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

அரைவாசி முடிந்திருக்கும், மச்சாள் ரயிலால் இறங்கி நேரே கடைக்கு வந்துவிட்டா. பின்னேரம்தான் வருவா என்று இருந்தேன். பெட்டியை இழுத்து வைத்தபடியே, ஒட்டாத பக்கத்தில் இருந்த ஒரு மலரை எடுத்தா. அட்டையைத் தடவினா. பக்கத்தைப் புரட்டினா. மாமியின் கதிரையில் போய் உட்கார்ந்தா.

"அண்ணி, இது ஆர் போட்டது?"

"பிழை வந்திட்டுது வசந்தி. நான் வேணுமெண்டு செய்யேல்லை. பார், ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறம், விடியிறதுக்குள்ள எல்லாம் சரி—"

"ஒட்டாதேங்கோ."

குலேந்திரன் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார்.

"ஒருத்தராவது எழுதுவினம் எண்டு எவ்வளவு காலம் பாத்துக்கொண்டிருந்தனான் தெரியுமோ? அண்ணாவுக்கு ஒருநாள் கத்தி அழேல்லை நான். அம்மா விடேல்லை."

"மாமி நம்பிக்கொண்டுதானே இருந்தவ" என்றேன்.

மச்சாள் என்னை நிமிர்ந்து பார்த்தா. "அம்மாவோ? அம்மா எப்பவோ அழுது முடிச்சிட்டா அண்ணி. லண்டனுக்கு வரேக்கையெல்லாம் என்ர அறைக்குள்ள இருந்து அழுவா. 'சுகிர்தா நம்பிக்கொண்டு இருக்கிறாள். அந்த நம்பிக்கையிலதான் எழும்பிக் கடைக்குப் போறாள். அவளுக்கு முன்னால நீ வாய் திறந்திடாதை' எண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ."

எனக்கு என்ன நடந்தது என்று சரியாக நினைவில்லை. கோபம் வந்தது, அது நினைவிருக்கிறது. அவவுக்காக நான் வாயை மூடிக்கொண்டிருக்க, எனக்காக அவ வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறா. ஒரே வீட்டில், ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு. ஒரு நாள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாமே மாமி? என்ன பெரிய நட்டம் வந்திருக்கும்? புத்தக அடுக்கைப் பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். மச்சாள் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அதைவிடச் சத்தமாக அழுதா. ஞானரூபனுக்காக நாங்கள் வாய்விட்டு அழுதது இன்றுதான்.

குலேந்திரன் கடைக் கதவைச் சாத்தி, மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பிவிட்டு, வெளியே குளிரில் போய் நின்றார்.

11 மார்ச், திங்கள்

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நல்லபடி முடிந்தது. ஒட்டியதைப் பிரித்தால் தாள் கிழிகிறது, அதனால் இரண்டு விதமாகவும் கொடுத்தோம். அரைவாசிச் சனத்தின் கையில் ஞானரூபன் உயிரோடு, அரைவாசிச் சனத்தின் கையில் இல்லாமல். பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து, எது சரி என்று மச்சாளைக் கேட்டார்கள்.

"காலஞ்சென்ற எண்டு போட்டதுதான் சரி" என்றா மச்சாள். கையில் பாயசக் கிண்ணத்தைக் கொடுத்து அனுப்பினா.

12 மார்ச், செவ்வாய்

செத்தவருக்கு வருஷத்தில் ஒரு நாள் படைக்க வேண்டும். அதற்குத் திதி வேண்டும். திதிக்கு இறந்த நாள் வேண்டும். எங்களிடம் இருப்பது அவரைக் கடைசியாகக் கண்டவர்கள் சொன்ன நாள் மட்டும்.

"அதையே எடுப்பம் அண்ணி" என்றா மச்சாள்.

விற்காமல் மிஞ்சிய சரக்கைச் சித்தப்பா ஒருபோதும் எறிந்ததில்லை. கீழறையில் தூசிக்குள் கிண்டி, 2009ஆம் ஆண்டுக்குரிய விரோதி வருஷப் பஞ்சாங்கம் ஒன்றைக் கண்டுபிடித்தேன். வைகாசி மாதத்தை விரித்தோம். தேய்பிறை ஏழாம் நாள், சத்தமி. மச்சாள் கைபேசியில் குறித்துக்கொண்டா. அந்தச் சின்ன எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்கு இப்போது ஒரு நாள் இருக்கிறது.

ரயிலடியில் வைத்து மச்சாள் கேட்டா: "பசை பூசினவர் ஆர்?"

சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

"அம்மா ஒருநாள் ஃபோனில சொன்னவ, கடைக்கு ஒரு நல்ல பொடியன் வாறான் எண்டு. பொடியன் எண்டதும் நான் இருபது வயசாக்கும் எண்டு நினைச்சன்" என்று சிரித்தா.

2 ஏப்ரல், செவ்வாய்

மரணப் பதிவுக்கான கடிதத்தை எழுதிக் கையெழுத்து வைத்தேன். நம்புகிறேன்.

25 மே, சனி

சத்தமி. விடிய எழும்பித் தலை முழுகிச் சமைத்தேன். ஞானரூபனின் படத்துக்கு இன்றுதான் முதன்முதலாக மாலை போட்டேன். போட்டபிறகு, இதற்குத்தானா இத்தனை பயம் என்றிருந்தது. படத்தில் எப்போதும்போல் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பதினொரு மணிபோல் குலேந்திரன் வாழையிலை கொண்டுவந்தார். வாசலில் நின்றே நீட்டினார்.

"நான் வந்து நிக்கக்கூடாத நாள். இதைத் தந்திட்டுப் போறன்."

"உள்ளுக்கு வாங்கோ."

"இண்டைக்கோ?"

"இண்டைக்குத்தான்."

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டார். நான் முதல் இலையை ஞானரூபனுக்குப் படைத்துத் தண்ணீர் வைத்தேன். பிறகு இவருக்கு இலை போட்டுச் சோறு வைத்துக் கறிகளைப் பரிமாறினேன். இலையில் கை வைக்காமல் இருந்தார்.

"அவர் எப்பிடியான ஆள்?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. எங்கே, எப்போது, யார் கண்டது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். நான் எதிரே சம்மணம் கட்டி உட்கார்ந்தேன்.

"சரியான கோபக்காரன்" என்று தொடங்கினேன். "வகுப்பில சுண்ணக்கட்டியால பொடியளுக்கு எறிவார். ஒண்டும் படாது. குறியே வராது அந்த மனுசனுக்கு."

குலேந்திரன் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது. சொல்ல இன்னும் நிறைய இருந்தது, சொல்லிக்கொண்டே இருந்தேன்.